கிளட்ச் சொன்னா சரியா இருக்கும்

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். மொட்டை மாடி மட்டும் பொது. வேலை முடிந்து வந்ததும் இரண்டு மருமகள்களும் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போவார்கள். பத்து நிமிஷ வேலை. அவர்கள் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆகும்.

மூத்தவள் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இளையவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இளையவளுக்கு வாய்தான் மூலதனம். முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களைப் பேசிப் பேசியே நெடுஞ்சாலைக்குக் கொண்டு போய்விடுவாள். மூத்தவள் அதற்கு நேர் எதிர். "திரும்புங்க, தோளை இறக்குங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடலாம்" என்பதைத் தாண்டி ஆஸ்பத்திரியில் அவள் பேசிக் கேட்டவர்கள் குறைவு. நாலு பேர் கூடிய இடத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவாள்.

ஆனால் மாடிக்கு வந்து கையில் ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துவிட்டால் போதும், மடை திறந்துவிடும். அவள் பார்க்காத தொடர் இல்லை. படிக்காத காமிக்ஸ் இல்லை. மகன் காலேஜுக்குப் போனபோது விட்டுச்சென்ற கேம் பெட்டியையும் அவள் தூசி படிய விடவில்லை. எதைப் பார்த்தாலும் இது யாருக்குப் பிடிக்கும், யார் இதைத் தொடவே கூடாது என்று சொல்லுவாள். எதிர்முனையைப் பிடித்தபடி இளையவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இளையவளுக்கு உட்கார்ந்து ஒரு தொடரை முழுதாகப் பார்க்கும் பொறுமை கிடையாது. மூத்தவள் சொல்வதைக் கேட்பதே அவளுக்குப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்படித்தான் ஒரு நாள் மூத்தவள் ஒரு தொடரைப் பற்றிச் சொன்னாள். ஒரு சின்னத் துறைமுகத்தில் டிக்கெட் கொடுக்கும் இரண்டு பேரின் கதை.

"இதுல யாரும் யாரையும் துரத்த மாட்டாங்க. கப்பல் வரும், போகும். அந்த ரெண்டு பேரும் நாள் முழுக்க சண்டை போட்டுட்டு ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. ஆனா ஒண்ணு, முதல் மூணு பாகம் புதுசா மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். எது எங்க இருக்குன்னே தெரியாது. பொறுத்துக்கிட்டோம்னா அப்புறம் அது நம்ம வீடு."

அந்த வாரம்தான் இளையவளிடம் கார் கற்றுக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைத் தன் குழுவில் சேர்த்துவிட்டார். 'பார்த்தாச்சா' என்று அதற்குப் பெயர். படம், தொடர், காமிக்ஸ், கேம் என்று பைத்தியமாக இருக்கும் ஆட்கள் போனில் கூடி ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்ளும் இடம். அங்கே நிஜப் பெயரோ போன் நம்பரோ தெரியாது, அவரவர் வைத்துக்கொண்ட பெயர்தான். இளையவள் 'கிளட்ச்' என்று வைத்துக்கொண்டாள்.

சேர்ந்த மறுநாள் யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கார். சிரிச்சாலும் தையல் இழுக்கும், பதறினாலும் இழுக்கும். என்ன போட்டுக் காட்டலாம்?"

இளையவள் துறைமுகத் தொடரைப் பற்றி எழுதினாள். மாமியார் வீடு உட்பட, மாடியில் கேட்டது கேட்டபடியே. கடைசியில் 'எங்க அக்கா சொன்னாங்க' என்று சேர்க்கத்தான் நினைத்தாள். அதற்குள் எதிரில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, பக்கத்தில் இருந்த மாணவர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டியை நிறுத்தி, அவரைத் திட்டி, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தால் எழுதியவரை குழுவுக்குப் போய்விட்டிருந்தது. அதன் கீழே வரிசையாக இதயங்கள்.

"செம! மாமியார் வீடு சூப்பர்!"

"இந்த கிளட்ச் யாருங்க, பின்றாங்களே!"

திருத்தி எழுதியிருக்கலாம். அந்த நிமிஷம் ஒரு வரி போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் மூத்தவளிடம் பதில் இருந்தது.

ஒரு வருஷம் போனபோது 'மாமியார் வீடு' என்பது குழுவில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. எந்தத் தொடராவது மெதுவாகத் தொடங்கினால் "இது எத்தனை பாகம் மாமியார் வீடு?" என்று கேட்டுக்கொண்டார்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் "கிளட்ச் சொன்னா சரியா இருக்கும்" என்பார் ஜெராக்ஸ்காரர். இளையவள் மாடியில் முன்னைவிட அக்கறையாகக் கேட்க ஆரம்பித்தாள். "குழந்தை இல்லாதவங்க பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்காக்கா?" "வேலை போனவங்களுக்கு?" மூத்தவளுக்கு அதில் அத்தனை சந்தோஷம். தன் பேச்சை ஒருத்தி இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே என்று, எதிர்முனையில் போர்வை நழுவுவதுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போவாள்.

ஒருநாள் மூத்தவள் கேட்டாள். "உன் போன்ல ஏதோ குரூப் இருக்குன்னியே, அதுல என்னையும் சேத்துவிடேன். நான் ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா படிச்சுட்டு இருப்பேன்."

இளையவளுக்குக் காது சூடானது.

"ஐயோ, அது வேண்டாம்க்கா. ஒரே சண்டை. வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. நானே வெளிய வந்துடலாமான்னு பாக்கறேன்."

"அப்படியா," என்றாள் மூத்தவள். "சரி விடு. சண்டைன்னா எனக்கு ஆகாது."

அன்று இரவுச் சாப்பாடு இளையவளுக்கு இறங்கவில்லை. முதலில் நடந்தது கைதவறல். இது அப்படியில்லை. இதை முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அதைவிடப் பெரியது அதற்குப் பிறகு நடந்தது.

மூத்தவளின் அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாலை, தலையணை உறைகளைத் திருப்பிக்கொண்டே மூத்தவள் திடீரென்று அதைப் பற்றிப் பேசினாள். விடாத இருமலோடு வந்த அப்பாவை மெஷின் முன்னால் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தது அவள்தான். படம் திரையில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் படம் எடுப்பவர் எதையும் சொல்லக் கூடாது, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் ஊரில் இல்லை. ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அப்பா வழக்கம்போலத் தன் நண்பர்களைக் கிண்டலடித்துக்கொண்டு, பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எங்க அம்மாகிட்டயும் சொல்லல, என் தம்பிகிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து அந்தப் படகு கேமைப் போட்டு உட்கார்ந்துடுவேன். அதுல எதிரியே கிடையாது. ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு விளக்கைக் கொண்டு போய்க் கொடுக்கணும், அவ்ளோதான். துடுப்பு போட்டா போதும். அந்த வாரம் எனக்கு அது இல்லேன்னா என்ன பண்ணிருப்பேனோ."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது பொய்யில்லை.

அதற்கு அடுத்த வாரம் குழுவில் ஒருத்தி, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பாரம் இருக்கிறது, தூக்கம் வரவில்லை, ஏதாவது சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். இளையவளுக்குப் படகு கேம்தான் நினைவுக்கு வந்தது. கேமை மட்டும் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது வெறும் விளம்பரம்போல இருக்கிறதே என்று தோன்றியது. 'என் அப்பாவைப் பற்றிய ஒரு விஷயம் எனக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தது. அவரிடம் சொல்ல முடியவில்லை' என்று ஆரம்பித்துவிட்டாள். எக்ஸ்ரேயை விட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்ததையும், ரேடியோவையும் விடவில்லை.

அவ்வளவு பதில்கள் அதுவரை அவளுக்கு வந்ததில்லை. முகம் தெரியாதவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் தன் அப்பாவைப் பற்றி நீளமாக எழுதி அழுதிருந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய சொந்த அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, இந்த டயருக்குக் காத்து எவ்வளவு அடிக்கணும்? கடைக்காரன் ஒண்ணு சொல்றான், புக்குல ஒண்ணு போட்டிருக்கு."

அவருக்கு ஒன்றும் இல்லை. கல்லுக் குண்டு மாதிரி இருந்தார். இளையவள் காற்று அளவைச் சொல்லிவிட்டு, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். "எனக்கென்ன?" என்றார் அவர். போனை வைத்த பிறகு, உயிரோடு இருக்கிற மனிதரைச் சாகடித்துவிட்டோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. செத்துப்போன இன்னொருவரைத் திருடிவிட்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

இது நடந்து சில மாதங்களுக்குப் பிறகு ஜெராக்ஸ்காரர் பரணிலிருந்து பேப்பர் கட்டை இறக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தார். தோள்பட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவர் போய் நின்றது மூத்தவளின் எக்ஸ்ரே அறையில். சட்டைப் பையில் ஒரு காமிக்ஸ் புத்தகம். அதை எடுத்து வைக்கச் சொன்ன மூத்தவள், அட்டையைப் பார்த்ததும் தன்னை மறந்து, "இதோட ரெண்டாவது புத்தகத்தை முதல்ல படிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அவர் வலியை மறந்துவிட்டார். படம் எடுத்து முடிப்பதற்குள் அவளைக் குழுவில் சேரச் சொல்லி வழியையும் சொல்லிக்கொடுத்தார். இளையவளுக்கு ஓரகத்தி இருப்பது அவருக்குத் தெரியாது. இளையவள் இருப்பது இதே குழுவில் என்பது மூத்தவளுக்கும் தெரியாது. அவள் கேள்விப்பட்டது சண்டைக் குழு. இது தோள் உடைந்தாலும் காமிக்ஸ் பேசுகிற மனிதரின் குழு.

மூத்தவள் 'மூச்சைப்பிடி' என்ற பெயரில் சேர்ந்தாள். புதிதாகச் சேருகிறவர்களின் போனில் அதற்கு முந்தைய பேச்சுகள் வராது. சில நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருவர், கால் உடைந்து படுத்திருக்கிறேன், அமைதியாக ஏதாவது வேண்டும் என்று கேட்டபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதல்முறையாக எழுதினாள். இதில் யாரும் யாரையும் துரத்த மாட்டார்கள். கப்பல் வரும், போகும். முதல் மூன்று பாகம் புதிதாக மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்.

இளையவள் அப்போது ஒரு ரவுண்டானாவின் ஓரத்தில் காரை நிறுத்திவைத்து, வலதுபக்கமிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று ஒரு டீச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"ஹலோ மூச்சைப்பிடி, இது கிளட்ச் எழுதினது. வார்த்தை மாறாம அப்படியே இருக்கு."

"வந்த உடனே காப்பியா? கொஞ்சம் மூச்சு விட்டுட்டு அடிக்கக் கூடாதா?"

"ஜெராக்ஸ் கடை நம்ம அண்ணனுக்கு மட்டும்தான்னு நினைச்சேன்!"

ஜெராக்ஸ்காரர் கிளட்சின் பழைய பதிவைத் தேடி எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் போட்டிருந்தார். 'மூச்சைப்பிடி' ஒரே ஒரு வரிதான் பதிலாக எழுதியிருந்தாள்: "இது நான் சொன்னதுதாங்க." அதற்கு இன்னும் சிரித்தார்கள். கடைசியில் ஜெராக்ஸ்காரர், "கிளட்ச், நீங்களே சொல்லுங்க. என்ன பண்ணலாம் இவங்களை?" என்று கேட்டிருந்தார்.

இளையவளுக்கு முதல் வரியிலேயே ஆள் தெரிந்துவிட்டது. மூச்சைப்பிடி என்று வேறு யார் பெயர் வைத்துக்கொள்வார்கள்?

"மேடம், நான் இப்ப போகலாமா?" என்றார் டீச்சர்.

"இருங்க," என்றாள் இளையவள். "வண்டி வருது."

வண்டி எதுவும் வரவில்லை. அவள் எழுதினாள், அழித்தாள். உண்மையைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை எழுதினால் எத்தனையோ மாதத்து இதயங்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசியில் அவள் விரல் எழுதியது இது: "பரவாயில்லை, விட்டுடுங்க. பிடிச்சதாலதானே எடுத்திருப்பாங்க. புதுசா வந்தவங்களை விரட்டாதீங்க."

"கிளட்சுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று ஒருவர் எழுதினார். அதற்கு அடுத்த வரியில் 'மூச்சைப்பிடி வெளியேறினார்' என்று வந்தது.

டீச்சர் ரவுண்டானாவைச் சரியாகச் சுற்றி வந்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டார். இளையவள் எதையும் பார்த்திருக்கவில்லை.

அன்று மாலை மாடிக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. மூத்தவள் ஏற்கெனவே வந்திருந்தாள். போர்வையின் இரண்டு முனையை இளையவளிடம் நீட்டினாள். இருவரும் மடித்தார்கள். தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவதைப் பற்றி மூத்தவள் சொன்னாள். கொழுந்தனுக்குச் சளி குறைந்ததா என்று கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"புதுசா ஏதாவது பார்த்தீங்களாக்கா?" என்றாள் இளையவள்.

"ஒண்ணும் பாக்கல."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும். துணி பத்தே நிமிஷத்தில் மடிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மூத்தவளோ எப்போதும்போலக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே அனுப்பினாள். அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தரும்போதெல்லாம் இளையவள் கூனிக் குறுகிப்போனாள்.

புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதுக்குப் போயா இப்படி இருக்கே? சினிமா பாருன்னு சொன்னதை யார் சொன்னா என்ன? அண்ணி அதெல்லாம் மனசுல வெச்சுக்க மாட்டாங்க."

"வெச்சுக்க மாட்டாங்கன்னுதானே நான் செஞ்சேன்," என்றாள் அவள். அவன் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

குழுவில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவளால் ஒன்றுக்கும் பதில் எழுத முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று உட்கார்ந்தாள். மளமளவென்று எழுதினாள். இதுவரை சொன்ன எதுவும் என்னுடையதில்லை. நான் அந்தத் தொடர்களைப் பார்த்ததுகூட இல்லை. எல்லாம் என் ஓரகத்தி சொன்னது. நீங்கள் விரட்டிய மூச்சைப்பிடி அவர்தான். ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தது என்று நான் எழுதிய அந்த அப்பா, என் அப்பா இல்லை. அவருடைய அப்பா. எக்ஸ்ரே எடுத்ததும் அவர்தான். ஒருவரிடமும் சொல்லாமல் அதைச் சுமந்தவர் அவர். நான் அதையும் எடுத்துக்கொண்டேன். என்னை மன்னிக்க வேண்டாம்.

அனுப்பியதும் மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. சிலர் திட்டினார்கள். சிலர் இவ்வளவு நேர்மையா என்று பாராட்டினார்கள். "உங்க அக்காகிட்ட நான் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்" என்றார் ஜெராக்ஸ்காரர். இளையவள் போனை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிக் கீழ்வீட்டுக்கு ஓடினாள்.

மூத்தவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து கேஸ் அடுப்பின் பர்னர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எழுதிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாருங்க."

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய்ப் படித்தாள். இளையவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் வெளுத்துப்போனது.

"எங்க அப்பாவைப் போட்டிருக்கே."

"ஆமாக்கா. முன்னாடி என் அப்பான்னு எழுதினது தப்பு. அதான் திருத்தி..."

"என்னைக் கேட்டியா?"

மூத்தவள் குரலை உயர்த்தி இளையவள் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் அவளிடம் யாரும் பேசியதில்லை.

"துறைமுகத்தை எடுத்துக்கிட்டே. மாமியார் வீட்டை எடுத்துக்கிட்டே. சரி, ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன். காப்பி அடிச்சேன்னு சொன்னாங்க, நீ பெரிய மனசு பண்ணி என்னை மன்னிச்சே. அதையும் முழுங்கிட்டேன். அப்பா விஷயத்தை நான் உனக்குச் சொன்னேன். உனக்கு மட்டும். ஊருக்குச் சொல்லல. எங்க அம்மாவுக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அழிச்சுடறேன்க்கா. இப்பவே அழிச்சுடறேன்."

"அழி," என்றாள் மூத்தவள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பர்னரைத் தேய்க்க ஆரம்பித்தாள். "உனக்கு மனசு லேசாகணும்னு எழுதினே. லேசாயிடுச்சா?"

இளையவள் அழித்தாள். ஆனால் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் மூத்தவளின் தம்பியோடு வேலை செய்கிறவன். இதில் எக்ஸ்ரே எடுக்கிற அக்கா, பழைய பதிவில் ரேடியோவைப் பிரிக்கிற அப்பா என்று சேர்த்துப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்க அக்கா எவ்வளவு பெரிய மனுஷி என்று மெச்சித்தான் சொன்னானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவளின் தம்பி வந்தான். இளையவள் கிண்ணத்தைத் திருப்பித் தரப் படியிறங்கியவள், பேச்சுச் சத்தம் கேட்டுப் பாதியிலேயே நின்றுவிட்டாள். கூடத்துக் கதவு திறந்திருந்தது.

"ஒரு வாரம் முன்னாடியே தெரியுமாக்கா உனக்கு?"

"தெரியும்."

"அந்த வாரம்தான் நான் அவர்கூட வண்டி விஷயமா சண்டை போட்டேன். ரெண்டு நாள் பேசல. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசிருப்பேனா?"

"அந்த ஒரு வாரமாவது அவர் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு நினைச்சேன்டா," என்றாள் மூத்தவள். "உனக்குச் சொன்னா உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும். உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவன் எழுந்துவிட்டான். மேசைமேல் டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. வெளியே வந்தவன் படியில் நின்ற இளையவளைப் பார்த்தான். அவள்தான் காரணம் என்று அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ, "வரேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் கிண்ணத்தோடு மறுபடி மேலேறிவிட்டாள். தன் வீட்டு அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அழக்கூட உரிமை இல்லாதவள்போல வெறித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி ஒருத்தியின் வார்த்தையை எடுத்துக்கொண்டாள். உண்மை சொல்லி அவள் தம்பியை எடுத்துவிட்டாள்.

அன்றே குழுவிலிருந்து வெளியேறினாள்.

மூத்தவள் மாடிக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே துணியை எடுத்துவிடுவாள். இளையவள் தனியாகப் போர்வை மடிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அப்போதும் கோணலாகத்தான் வந்தது.

ஜெராக்ஸ்காரர் தோள் கூடியதா என்று பார்க்க மறுபடி எக்ஸ்ரேக்குப் போனதும், மெஷின் முன்னால் நின்றபடியே மன்னிப்புக் கேட்டதும் இளையவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாள் வாங்காமலே விட்டிருந்த லைசென்ஸை டிரைவிங் ஸ்கூலில் வாங்கிக்கொள்ள வந்தபோது அவரே சொன்னார்.

"நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், அவங்க 'அசையாதீங்க'ன்னு மட்டும் சொன்னாங்க. சரி, அவ்வளவுதான் போலன்னு வந்துட்டேன். ஆனா போன வாரம் திரும்ப சேர்ந்துட்டாங்க, மேடம். என்னமா எழுதறாங்க!" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இளையவளுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் மாலையில் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து, போனைப் பார்த்து மூத்தவள் தனியாகச் சிரிக்கும் சத்தம் மேலே வரும்போது கைவேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பாள். அந்தப் பேச்சையெல்லாம் முதலில் கேட்டவள் அவள். இப்போது ஊரே கேட்கிறது, அவளைத் தவிர.

ஒரு நாள் மதியம் திடுதிப்பென்று மழை பிடித்துக்கொண்டது. இருவருக்கும் அன்று விடுமுறை. இளையவள் மாடிக்கு ஓடியபோது மூத்தவளும் ஓடிவந்தாள். யார் துணி யாருடையது என்று பார்க்காமல் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு படிக்கட்டுக் கூரைக்குள் ஒதுங்கினார்கள். மூச்சு வாங்கியது. இறங்கிப் போய்விடலாம். இருவரும் போகவில்லை.

"அக்கா, நான் செஞ்சதுக்கு..."

"தெரியும்," என்றாள் மூத்தவள். "திரும்பத் திரும்பச் சொல்லாதே."

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி நேத்து போன் பண்ணான்," என்றாள் மூத்தவள். "வாஷிங் மெஷின் வாங்கப் போறானாம். எது நல்லதுன்னு கேட்டான்."

"அந்த விஷயம்..."

"அவனும் கேக்கல. நானும் சொல்லல. மெஷினைப் பத்தி அரை மணி நேரம் பேசினோம்." ஈரமான துண்டைப் பிழிந்தாள். "அம்மாகிட்ட நானே சொல்லிடலாம்னு இருக்கேன். வேற யார் வாயாலயாவது போறதுக்கு முன்னாடி."

இளையவள் தலைகுனிந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஏதாவது சொல்லுங்களேன். பார்க்கறதுக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கே எனக்கு."

மூத்தவள் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கா?" என்றாள். "உனக்கு எது பிடிக்கும்னே எனக்குத் தெரியாதே. படுத்திருக்கறவங்களுக்கு, வேலை போனவங்களுக்கு, குழந்தை இல்லாதவங்களுக்குன்னு கேட்டிருக்கே. இத்தனை நாள்ல ஒரு தடவைகூட உனக்குன்னு கேட்டதில்ல."

இளையவள் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தவளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

"பேய்ப்படம் ஆகாதுக்கா," என்றாள் கடைசியில். "கார் துரத்தற சீனும் பிடிக்காது. எல்லாரும் கியரைத் தப்பா போடுவாங்க, அதையே பார்த்துட்டு இருப்பேன்."

மூத்தவளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா என்று இளையவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

"சரி," என்றாள் மூத்தவள், குவியலிலிருந்து தன் வீட்டுத் துணிகளைப் பிரித்து எடுத்தபடி. "அப்புறம்? வேற என்ன பிடிக்காது, சொல்லு."